லாரி திரும்பி வந்த பிறகு

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. அந்த ஞாயிறு சேலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இறுதி ஆசீருக்கு முன்பு பங்குத்தந்தை இரண்டே வரியில் அறிவிப்புச் சொன்னார்: டெல்டாவுக்கு உதவி போகிறது, முடிந்ததைக் கொடுங்கள். பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள்; செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அந்தப் பங்கு மன்றத்தில் கால் வைக்க இடமில்லை. அரிசி மூட்டை, பாய், போர்வை, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எல்லாம் ஒரு மூலையில். மீதி இடம் முழுக்கத் துணி. சேலம் மக்கள் கொடுப்பதற்குத் தயங்காதவர்கள். ஆனால் அந்தக் குவியலைப் பிரிக்க உட்கார்ந்த, அன்பியம் என்ற பக்கத்து வீட்டார் குழுவின் பெண்கள் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கொக்கி அறுந்த ரவிக்கை, பள்ளிச் சின்னம் தைத்த சீருடைச் சட்டை, யாரோ ஒருவருடைய கல்யாணக் கோட்டு, ஜோடியில்லாத செருப்பு. வயதான ஓர் அம்மா கிழிந்த புடவை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "நாம் கட்ட மாட்டோம் என்று ஒதுக்கியதை அவள் எதற்குக் கட்ட வேண்டும்?" என்று கேட்டார். அதன் பிறகு பாதி மூட்டைகள் லாரியில் ஏறவில்லை.

அந்த லாரியில் நானும் போனேன். அதற்குப் பிறகும் பல முறை போனேன். புயலுக்குப் பிந்தைய மீட்பு வேலையில் கோயில்களும் சபைகளும் என்ன செய்கின்றன, எதைச் செய்தால் பயன், எங்கே தவறுகின்றன என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருடைய நினைவிலும் நிற்பது முதல் வாரத்து லாரி. மீட்பு என்ற வேலையில் அது மிகச் சிறிய பகுதி. பெரிய பகுதி இரண்டாவது மாதத்தில் தொடங்குகிறது. அப்போது சாலையில் எந்த லாரியும் இருக்காது.

கடல் பார்க்காத சேலத்துக்கும் நாகைக் கடற்கரைக்கும் என்ன உறவு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். சேலத்துக் கிறிஸ்தவர் யாரும் கேட்க மாட்டார். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-ல் மாதா பிறந்தநாள். அந்த நாட்களில் காவி உடுத்தி நடந்தே போகிறவர்கள் உண்டு. பஸ்ஸிலும் வேனிலும் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் அதைவிட அதிகம். நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் என்று அந்தச் சாலை எங்களுக்கு மனப்பாடம். வழியெல்லாம் டெல்டாக்காரர்கள் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். திண்ணையில் படுக்க இடம் கொடுப்பார்கள். கால் கொப்பளத்துக்கு மருந்து போடுவார்கள். கொடுப்பவர் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று நடந்துபோகிறவர் கேட்டதில்லை. கஜாவுக்குப் பிறகு எங்கள் லாரி போனதும் அதே சாலைதான். மோர் வாங்கிக் குடித்த திண்ணைகளில் சில, கூரையில்லாமல் நின்றன.

புயல் வரும் முன்பு உயிரைக் காப்பது அரசின் வேலை. அதில் தமிழ்நாடு நிறையக் கற்றிருக்கிறது. கஜா கரையைக் கடக்கும் முன்பே 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்ய முடியாது. செய்யப் புறப்பட்டாலும் இடைஞ்சல்தான். முதல் மூன்று நான்கு நாட்கள் சாலையில் விழுந்த மரத்தை அகற்றுவது தீயணைப்புத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும். ஒரு லட்சத்துக்கும் மேல் சாய்ந்த மின்கம்பங்களை நட்டவர்கள் மின்வாரிய ஊழியர்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, பள்ளிக்கூடத் தரையில் படுத்து, இடுப்பளவு சேற்றில் நின்று கம்பி இழுத்தார்கள். அந்த நேரத்தில் ஆர்வக் கோளாறில் கார்களில் போய் இறங்கியவர்கள் சாலையை அடைத்ததுதான் மிச்சம். எங்கள் லாரியும் முதல் முறை அப்படித்தான் நின்றது. இறக்க வேண்டிய ஊர் எது என்று தெரியாமல், சாலையோரம் கை நீட்டிய முதல் கூட்டத்திடம் பாதிப் பொருளைக் கொடுத்துவிட்டோம். உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த குடியிருப்புக்கு நாங்கள் வந்ததே தெரியாது. இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது முறை போனபோது கையில் பொருள் குறைவு, ஆள் வேறு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் பெட்ரோலில் ஓடும் மர அறுவை இயந்திரம் இரண்டு இருந்தது. சேர்வராயன் மலையில் காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் அவற்றின் கிளைகளை அளவாக வெட்டி நிழல் கவாத்து செய்ய வேண்டும். காப்பிச் செடி நசுங்காமல் ஒரு பெருங்கிளையை இறக்குவது சாதாரணக் கைத்திறன் அல்ல. அந்தத் திறன்தான் அன்று டெல்டாவுக்குத் தேவைப்பட்டது.

ஏன் என்று விளக்க வேண்டும். கஜாவில் விழுந்த தென்னை லட்சக் கணக்கில். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு முழுக்கத் தலை சாய்ந்து ஒரே திசையில் படுத்திருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. அகற்றுவதற்கென்று தனியாக ஏன் பணம் என்று எங்களில் சிலருக்கு அப்போது புரியவில்லை. விழுந்த மரம் கிடந்தால் கிடக்கட்டுமே என்றுதான் தோன்றும். ஆனால் தென்னந்தண்டு மழையில் ஊறி மக்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். எருக்குழியில் வளர்வதுபோலவே அந்த மட்கிய தண்டிலும் புழு கொழுக்கும். வண்டாகி வெளியே வந்ததும் பக்கத்தில் உயிரோடு நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். புதிதாக நட்ட கன்றையும் விடாது. நெட்டை ரகத் தென்னை காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். விழுந்ததை அகற்றாத தோப்பில் புதுக் கன்று நட்டால் அந்த ஆறேழு ஆண்டுகளும் வீணாகலாம். அதனால் புயலுக்குப் பின் ஓர் இயந்திர வாளின் மதிப்பு பத்து மூட்டை அரிசிக்கு மேல்.

அந்த வாளைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். விழுந்த மரம் அசையாமல் கிடப்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் முறுக்கேறி இருக்கும். கூரை மேல் சாய்ந்து வளைந்து நிற்கும் மரத்தைத் தவறான பக்கம் அறுத்தால் தண்டு துள்ளி மார்பில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தை நடுவில் துண்டித்தால், வேர்ப்பந்து பழைய குழிக்குள் திரும்பிச் சாயும். அந்தக் குழியில் யாராவது நின்றால் தப்ப முடியாது. எங்கள் ஏற்காட்டு அண்ணன் ஒருவர் ஒவ்வொரு மரத்தையும் அறுக்கும் முன்பு சுற்றி ஒரு நடை நடப்பார். தண்டைக் காலால் தட்டுவார். பிறகு குழந்தைகளை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்புவார். தென்னை நாரும் அதில் ஒட்டிய மணலும் சங்கிலியின் பல்லை அரை மணி நேரத்தில் மழுங்கடித்துவிடும். சில்வர் ஓக்கை நாள் முழுக்க அறுத்துப் பழகியவருக்கே அது புதிது. மரத்தடியில் உட்கார்ந்து உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டி, மறுபடி எழுந்து போவார். அவர் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மரத்தை இறக்கிய விதத்தைப் பார்த்த அந்த வீட்டுப் பாட்டி, "தம்பி, எந்த ஊர்?" என்று கேட்டார். "ஏற்காடு, ஆயா" என்றார். "அங்கே தென்னை உண்டா?" "இல்லை, ஆயா." பாட்டிக்கு அது விளங்கவேயில்லை.

இரண்டாம் மாதத்தில் இன்னொரு சிக்கல் எழுந்தது. அறுக்கும் வேலையை நாங்கள் இலவசமாகச் செய்தோம். ஊரில் கூலி வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னை போனால் தோப்புக்காரருக்கு மரம் போயிற்று. மரம் ஏறியவருக்கும், காய் உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்களுக்கும் பிழைப்பே போயிற்று. மரத்துக்கான இழப்பீடு நிலத்துக்கு உரியவர் பெயரில் வரும். இவர்கள் பெயரில் வராது. ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்து, "நீங்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் எங்கள் பையன்களுக்கு அந்தக் கூலி கிடைத்தால் அவர்கள் வீட்டில் உலை வைப்பார்கள்" என்று மென்மையாகச் சொன்னார். அதிலிருந்து முறையை மாற்றினோம். சேலத்தில் திரட்டிய பணத்தில் பெட்ரோலும் சங்கிலியும் வாங்கினோம். மலைக்காரர்கள் அறுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தண்டுகளைப் புரட்டி, துண்டாக்கி, அடுக்கிய கூலி உள்ளூர்க்காரருக்குப் போனது. தொண்டு என்றால் இலவசமாகத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய பாடம்.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். மின்சாரம் இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. உலகெங்கும் நிவாரணப் பணியில் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். 200 குடும்பங்கள் உள்ள ஊரில் 800 பேர் என்றால் தினமும் 12,000 லிட்டர். இதைத் தண்ணீர் பாட்டில்களாக யாரும் கொண்டுபோய்த் தீராது. சின்ன லாரியில் ஒரு ஜெனரேட்டரை ஏற்றி, ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் இணைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போனால், ஒரு வண்டி ஐந்தாறு ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும். கஜாவின்போது பல குழுக்கள் இந்த முறையைக் கையாண்டன. இதற்கு ஓர் எலக்ட்ரீஷியன் போதும். சேலத்தில் விசைத்தறிக் கூடங்களில் மோட்டார் பழுது பார்ப்பவர்களுக்குப் பஞ்சமா? ஆனால் எங்கள் மன்றத்தில் அறிவிப்புச் செய்தபோது "என்ன பொருள் கொடுக்கலாம்" என்று கேட்டவர்களே அதிகம். "எனக்கு மோட்டார் வேலை தெரியும், வரட்டுமா" என்று கேட்டவர் ஒருவர்தான்.

வெள்ளம் புகுந்த திறந்த கிணற்றைச் சுத்தம் செய்வதற்கும் முறை இருக்கிறது. பிளீச்சிங் பவுடரைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கிணற்றில் கொட்டிவிட்டுப் போட்டோ எடுப்பதில் பயனில்லை. முதலில் கலங்கிய நீரை இறைத்து, அடியிலுள்ள சேற்றை அள்ள வேண்டும். பிறகு ஊறிய நீரின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். சாதாரணக் காலத்தில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுச் சுகாதாரப் பாடம். வெள்ளத்துக்குப் பின் கூடுதலாகத் தேவைப்படும், அதைச் சுகாதார ஆய்வாளர் சொல்வார். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் விட்டபின் நீரில் குளோரின் மீதம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்த அருட்சகோதரி ஒருவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். எங்கள் பையன்கள் செருப்போடு சேற்றில் இறங்கியபோது அவர் சத்தம் போட்டு ஏற்றிவிட்டார். எலி சிறுநீர் கலந்த சேறு காலில் உள்ள சிறு காயத்தில் பட்டாலே எலிக் காய்ச்சல் வரலாம். உதவிக்குப் போனவர் நோயாளியாகி உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் படுத்தால் அது உதவியாகாது.

இனி, கோயில்களுக்கென்றே இருக்கும் ஒரு பலத்தைச் சொல்ல வேண்டும். பணமும் பொருளும் யாரிடமும் இருக்கலாம். ஆனால் புயல் அடித்த ஊரில் ஏற்கெனவே ஒரு பங்கு இருக்கிறது, ஒரு சபை இருக்கிறது. அங்கே ஒரு பங்குத்தந்தை, ஒரு போதகர், உபதேசியார், மகளிர் ஐக்கியத்து அம்மாக்கள் இருக்கிறார்கள். இருபது முப்பது வீடுகள் சேர்ந்த அன்பியங்கள் இருக்கின்றன. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் கணவர் வளைகுடாவில் என்பது அவர்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது இதன் மதிப்பு தெரிந்தது. கரையோரத்தில் ஒவ்வொரு மீனவர் ஊரின் நடுவிலும் ஒரு கோயில். எந்தப் படகில் யார் போனார், யார் திரும்பவில்லை என்ற பட்டியலை வீடு வீடாகப் போய்த் திரட்டியவர்கள் அந்தப் பங்கு மக்கள். கடலுக்குப் போனவர்களின் பெயரே தெரியாமல் யாரைத் தேடுவது?

ஆனால் அந்தப் பட்டியலே ஆபத்தாகவும் மாறும். பங்கு வழியாகப் போனால் பங்கைச் சேர்ந்தவர்களே முதலில் கண்ணில் படுவார்கள். டெல்டாவில் கிறிஸ்தவர்கள் சிறு எண்ணிக்கை. விழுந்த வீடுகள் எல்லோருடையவை. கோயில் வளாகத்தில் பொருளை இறக்கினால், வாசலைத் தாண்டி வரத் தயங்கும் அடுத்த தெரு எப்படி வாங்கும்? சாதி வேறு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்ட முகாம்களில் தலித் மக்கள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டதையும், சில இடங்களில் தனியே ஒதுக்கப்பட்டதையும் அப்போதே பலர் பதிவு செய்தார்கள். கடலில் செத்தவர்களுக்கு மீனவர் என்ற பெயர் இருந்தது. உப்பளத்திலும் வயலிலும் கூலி இழந்தவர்களுக்கு எந்தப் பெயரும் இல்லை. பட்டா இல்லாத குடிசைக்கு இழப்பீடு கேட்க எந்தக் காகிதத்தை நீட்டுவது? நான் பார்த்த ஒரு வீட்டில், ஈரமான பாயின் மேல் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் வரிசையாகக் காயவைத்துவிட்டு, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேங்காய் மூடியை வைத்திருந்தார்கள். அந்த அம்மா பக்கத்திலேயே குந்தியிருந்தார். சோறு வேண்டுமா என்று கேட்டோம். "சோறு அந்தக் கோயிலில் போடுகிறார்கள். இந்தக் கார்டில் எழுத்து அழிந்துவிட்டது, இது செல்லுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னது ஊர் மாரியம்மன் கோயில்.

அன்று முதல் எங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த நான்கு பேர் மனு எழுதுவதற்கென்றே உட்கார்ந்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சேதப் பட்டியல் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டு, விடுபட்ட வீடுகளைத் தெரு வாரியாக எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரியாத ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொண்டு இல்லை.

மதம் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். கிறிஸ்தவர்கள் உதவிக்குப் போனால் மதமாற்றத்துக்குத்தான் போகிறார்கள் என்ற சந்தேகம் இன்று பல ஊர்களில் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவர்களும் எங்களுக்குள் இருந்திருக்கிறார்கள். அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரம் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து பேரிடர் உதவிக்கு நடத்தை விதிகள் பத்து வகுத்தன. உதவி இனமோ மதமோ பார்க்காது என்பது ஒரு விதி. எந்த அரசியல் நிலையையோ மத நிலையையோ வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அடுத்த விதி. அந்த விதிகளை முன்மொழிந்த அமைப்புகளில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான சர்வதேச காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் அடக்கம். ஆக இது வெளியார் நம்மீது சுமத்திய கட்டுப்பாடு அல்ல. திருச்சபைகளே கையெழுத்திட்ட வாக்கு. பசித்தவனிடம் சோற்றுக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்பது நற்செய்திக்கே அவமானம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் வண்டிகளில் கொடி, பேனர் கட்டுவதை நிறுத்தினோம். எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று மட்டும் எழுதினோம்.

அமெரிக்காவில் இந்த வேலை வெகு காலமாக ஒழுங்குபட்டிருக்கிறது. மென்னோனைட் சபையார் 1950-லேயே பேரிடர் சேவைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தச்சர், கொத்தனார், விவசாயி தத்தம் தொழிலோடு போய் வீடு கட்டிக்கொடுப்பது அதன் முறை. 1969-ல் கமீல் சூறாவளி அடித்தபோது பல சபைகளும் தொண்டு அமைப்புகளும் ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியாமல் மோதிக்கொண்டன. அதன் விளைவாக அடுத்த ஆண்டே அவை ஒரு தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. இன்று அங்கே தன்னார்வலர் வேலை செய்த ஒவ்வொரு மணி நேரமும் ஏட்டில் பதிவாகிறது. பேரிடர்ச் செலவில் மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் ஏற்க வேண்டிய பங்கில் அந்த உழைப்பின் மதிப்பைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. நம் ஊரில் யாரும் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. வைத்திருந்தால், எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் தேவை என்பதாவது அடுத்த புயலுக்குத் தெரிந்திருக்கும்.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி புளோரிடாவில் கரையேறி, நூற்றுக் கணக்கான கிலோமீட்டர் உள்ளே போய் வட கரோலினாவின் மலைகளில் மழையைக் கொட்டியது. ஆஷ்வில் என்ற மலை நகரத்தில் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் வர நவம்பர் நடுப்பகுதி கடந்துவிட்டது. கடலுக்கு வெகு தொலைவில், மலை மேல் இருப்பவருக்கும் புயல் வரும் என்று அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. இரண்டே மாதத்தில் உறைத்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக் கணக்கில் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. பிறகு வலுக்குறைந்து மெல்ல மேற்கே நகர்ந்தது. வலுக்குறைந்தது என்று கேட்டதும் உள் மாவட்டக்காரர்கள் நிம்மதியடைந்தோம். காற்றுதான் குறைந்தது, ஈரம் குறையவில்லை. அந்த ஈரக்காற்று ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன் என்று ஒவ்வொரு மலையிலும் மோதி ஏறிக் குளிர்ந்து கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல். டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன; மலைக்கு ஏறும் இன்னொரு வழியான குப்பனூர்ப் பாதையும் தப்பவில்லை. கீழே சேலத்தில் திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது.

சேர்வராயன் மலைக்கு ஒரு தன்மை உண்டு. அதன் தெற்கிலும் மேற்கிலும் விழும் மழை திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் காவிரிக்குப் போகிறது. வடகிழக்கில் விழும் மழை வாணியாறாகி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குப் போகிறது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, கரையோர ஊர்களில் நீர் புகுந்தது. அந்த வெள்ளத்தில் ஒரு பங்கு எங்கள் மலையில் பெய்தது. பிறகு கடலூர்ப் பக்கம் வீட்டுக்குள் முழங்காலளவு படிந்திருந்த வண்டலைப் பாண்டில் அள்ளி வெளியே கொட்டியபோது, இந்த மண்ணில் ஒரு பிடியாவது ஏற்காட்டிலிருந்து வந்திருக்கும் என்று எங்களோடு வந்த மலைக்காரர் சொன்னார். செம்மண்ணைக் கையில் வைத்து நசுக்கிப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆனால் முதல் நாட்களில் எங்களால் எங்கும் போக முடியவில்லை. மலைக்கு மேலே மின்சாரம் இல்லை, பாதை இல்லை. கீழே லாரியும் ஆளும் தயாராக இருந்தும் மேலே ஏற வழியில்லை. அப்போது மலையிலேயே இருந்தவர்கள்தான் எல்லாம் செய்தார்கள்: தோட்டத் தொழிலாளர்கள் பாதையில் விழுந்த மரங்களை அறுத்தார்கள், மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குத் தலைச்சுமையாக அரிசி போனது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு டெல்டாவில் தீட்டிய அதே வாள்கள் அன்று சொந்த மலையில் ஓடின.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கஜாவுக்கும் ஃபெஞ்சலுக்கும் இடையில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து நிதி பெற்று, களத்தில் இருக்கும் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இப்போது ஓர் அமைப்பு பெற்றதை வேறொன்றுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய புயலுக்குப் பெரிய நிதி எங்கிருந்தோ வரும் என்று மறைமாவட்டங்கள் காத்திருந்த காலம் இதோடு போயிற்று. உள்ளூர்க் காணிக்கைதான் கதி. இதில் நல்லதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வங்கக் கடலிலிருந்து தமிழ்நாட்டைத் தாக்கும் பெரும்புயல்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன. கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டவும், நட்சத்திரம் தொங்கவிடவும், விருந்து வைக்கவும் பங்குகளில் பணம் சேரும் நேரமும் அதுதான். எங்கள் பங்கில் ஃபெஞ்சல் ஆண்டில் மின்விளக்குச் செலவு முழுவதையும் தார்ப்பாய்க்கு மாற்ற இளைஞர்களே முன்வந்தார்கள். குடில் வைக்கோலில், ஒரே ஒரு பல்போடு இருந்தது. அதுபோல அழகான குடிலை நான் பார்த்ததில்லை.

அந்த டிசம்பர் முதல் வாரத்தில், பாதை அடைபட்டிருந்தபோது, எனக்கு வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. கஜாவில் தென்னை இழந்த குடும்பம். "உங்கள் மலையில் மண் சரிந்துவிட்டதாமே? அந்த வாள்காரத் தம்பி நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்டார் அந்தப் பாட்டியின் மகன். பாட்டி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "எத்தனை பேர் வர வேண்டும்? எங்களிடம் இப்போது வாள் இருக்கிறது" என்றார். பாதை திறந்ததும் சொல்கிறேன் என்றேன். பாதை திறப்பதற்குள் மலைக்காரர்களே முடித்துவிட்டார்கள்; ஆனால் அவர் இரண்டு முறை மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டார்.

எங்கள் மன்றத்தில் இப்போது ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. உள்ளே இரண்டு மர அறுவை இயந்திரங்கள், பத்து ஜோடி பூட்ஸ், கையுறைகள், குளோரின் சோதனைப் பெட்டி, தார்ப்பாய்ச் சுருள்கள், மனு எழுத வெள்ளைத்தாள் கட்டு ஒன்று. கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: யாருக்கு மோட்டார் வேலை தெரியும், யாருக்குக் கொத்து வேலை, யார் வேன் ஓட்டுவார், யார் செவிலியர் என்று பெயரும் போன் எண்ணும். ஐப்பசி மழை பிடிக்கும் முன்பு அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை திறந்தோம். இரண்டு பேருடைய போன் எண் மாறியிருந்தது. ஒருவர் திருப்பூருக்குக் குடிபோயிருந்தார். பூட்ஸில் பல்லி முட்டையிட்டிருந்தது. இரண்டாவது வாளின் சங்கிலி மழுங்கியிருந்தது. ஏற்காட்டு அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறோம்; வருகிற ஞாயிறு பூசைக்கு வரும்போது அரத்தோடு வருவார்.